மரங்கள் தந்த வண்ணங்கள்

இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் கோமகன் ஃபெதெரிகோ தா மான்டெஃபெல்ட்ரோவின் சிறிய படிப்பறை உள்ளது. 1476ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற அதன் சுவரில், பழக்கூடையருகே ஓர் அணில் அமர்ந்திருக்கிறது. தூரிகை தொடாத அணில் அது. வெவ்வேறு மரங்களைத் துண்டுகளாக அறுத்து, இடைவெளி தெரியாமல் பொருத்தும் 'இன்டார்சியா' என்னும் கலையின் ஆக்கம். சுவர் தட்டையானதே, எனினும் வெளிர்மரம் ஒளியாகவும் கருமரம் நிழலாகவும் அமைவதால் அணில் திரண்டு தோன்றுகிறது.

அதே கோமகனுக்காகக் குப்பியோவில் அமைந்த படிப்பறை, 1939இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதில் கிளிக்கூண்டு ஒன்றும் உண்டு. இக்கலைஞர்களுக்குப் பச்சை நிறம் எங்கே கிடைத்தது? பட்ட மரத்தில் படரும் ஒருவகைப் பூஞ்சை அம்மரத்தையே நீலப்பச்சையாக்கும். அத்தகைய மரத்தை அக்கால இன்டார்சியாப் படைப்புகளில் பயன்படுத்தியிருப்பதை 1990களில் ஆய்வாளர் கண்டறிந்தனர். பிறர் கழித்தெறியும் மரம் இங்கே அரும்பொருளாயிற்று.

பதினாறாம் நூற்றாண்டில் வசாரி இக்கலையைச் சிறுமைப்படுத்தினார்: ஓவியத்தின் போலி, திறமையினும் பொறுமை மிக்கவர் தொழில், புழுவுக்கும் தீக்கும் இரையாவது. ஓவியர் வண்ணத்தைக் குழைத்துப் பெறலாம். இவர்களோ அதனை மரத்துள் தேடிக் கண்டடைய வேண்டியிருந்தது. அத்தேடலைத் திறமையன்று என எவ்வாறு ஒதுக்குவது? ஐந்து நூற்றாண்டுகள் கடந்தும் உர்பினோ அணில் அங்கேயே அமர்ந்திருக்கிறது.