560005 (எண்)

560005 என்பது ஆறு இலக்க ஒற்றைப்படை எண். பெங்களூரு காக்ஸ் டவுனுக்கும் அதை ஒட்டிய பிரேசர் டவுனுக்கும் உரிய பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இம்முறையை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அதன்படி முதலில் நிற்கும் 5, இன்றைய ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் அடங்கிய மண்டலத்தைக் காட்டும். 560 பெங்களூருவைக் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா அஞ்சலகத்துக்கு உரியவை. அஞ்சல் ஊழியருக்கு இது இடமிருந்து வலமாகப் படிக்கும் முகவரி. கூட்டிப் பெருக்க வேண்டிய தொகை அன்று. அப்படியிருக்க இதற்குக் கணிதப் பண்புகள் தேடுவது வீண்வேலை என்று ஒருவர் சொல்லலாம். எண்ணையும் அதை எழுதும் முறையையும் ஒன்றாகக் கொள்வதால் எழும் ஐயம் இது.

எண்ணை முதலில் பார்ப்போம். 5-இல் முடிவதால் 5 ஆல் வகுபடும் என்பது கண்ணுக்கே தெரியும். மிஞ்சும் 112001 எளிதில் பிடி கொடுக்காது: 7 ஆல் வகுத்தால் மீதி 1, 37 ஆல் வகுத்தால் மீதி 2, 47-இல்தான் உடைகிறது. ஆக, 560005 = 5 × 47 × 2383. மூன்றுமே பகா எண்கள். எனவே வகுத்திகள் எட்டு. தன்னை விட்டு மற்ற ஏழையும் கூட்டினால் 126587தான் வரும். ஆகவே இது குறைவெண். 4 ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், இரு வர்க்கங்களின் கூட்டலாக இது அமையலாம் என்று தோன்றும். அமையாது. 47, 2383 இரண்டும் 4 ஆல் வகுக்க மீதி 3 தருபவை. அத்தகைய பகா எண் ஒற்றைப்படை அடுக்கில் வந்தாலே வழி அடைபட்டுவிடும். வர்க்கங்களின் வித்தியாசமாகவோ நான்கு விதமாக எழுதலாம்; அவற்றுள் ஒன்று 1309² − 1074².

எந்த எண்ணுக்கும் இப்படி ஒரு பட்டியல் போடலாமே என்பது அடுத்த ஆட்சேபம். போடலாம்தான், ஆனால் பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. எண்சோதிடர் இலக்கங்களைக் கூட்டி 16, பிறகு 7 என்பார். அதே எண்ணை எட்டின் அடிமானத்தில் எழுதினால் 2105605. அங்கே அதே வழியில் கூட்டிச் சுருக்கினால் 5 வரும். காரணிகளோ எந்த அடிமானத்திலும் மாறுவதில்லை. ஏழு என்பது எழுத்தின் குணம், 47 எண்ணின் குணம். ஊருக்குப் பலன் சொல்ல இரண்டுமே உதவா.

ஆனால் எழுத்தின் குணம் என்பதாலேயே அதைத் தள்ளிவிட முடியாது. கடிதம் எழுத்தை நம்பித்தான் போகிறது. கடைசி இரு இலக்கங்கள் இடம் மாறினால் 560050. அது பனசங்கரிப் பக்கத்துக் குறியீடு. அடுத்தடுத்த இலக்கங்களை மாற்றிப்போட்டால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்கு (இங்கே 45). இலக்கங்களின் கூட்டுத்தொகையும் மாறாது. ஆகவே அதை வைத்து இப்பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. 11 ஆல் வகுத்துப் பார்த்தால் பிடிபடும்: முதலாவதற்கு மீதி 6, மற்றதற்கு 7. ஆதாரின் பன்னிரண்டாம் இலக்கம் இத்தகைய பிழைகளைப் பிடிக்கவே வைக்கப்பட்ட சோதனை இலக்கம். பின்கோட்டில் அப்படி ஓர் இலக்கம் இல்லை.