கலைப்பொருளும் குளிர்காற்றும்

பழம்பொருள்களின் வரலாறு என்றால், அவற்றைச் செய்தவர்களின் வரலாறும் தோண்டி எடுத்தவர்களின் வரலாறுமே நம் நினைவுக்கு வரும். அப்பொருள்களைச் சூழ்ந்து நிற்கும் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அக்காற்றை இரவும் பகலும் ஒரே நிலையில் வைத்திருக்க மின்சாரத்தைக் கொட்டி அளக்கின்றன. அம்மின்சாரத்தில் பெரும்பகுதி நம் நாட்டில் நிலக்கரியிலிருந்து பிறக்கிறது. இத்தனை குளிர்ச்சியும் இத்தனை ஈரமுமே பழம்பொருளுக்கு ஏற்றவை என வகுத்தவர் யார்? எந்த ஊர்த் தட்பவெப்பத்தைக் கண்டு வகுத்தார்? மாணவ நண்பர்களே, இதற்கு விடை காண நாம் முதலில் மதுரையை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டும்.

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி வேல்ஸ் நாட்டுக்கு அனுப்பப்பட்டன. 1941இல் அவை மானட் என்னும் மலையிலுள்ள கற்பலகைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டன. குகைக்குள்ளே செங்கல் அறைகள் கட்டி, ஈரம் மிகுந்த காற்றைச் சற்றே சூடாக்கி, ஏறத்தாழ 17 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் மாறாமல் வைத்திருந்தனர். லண்டனில் இருந்தவரை அவ்வோவியங்களின் வண்ணம் செதில் செதிலாய்ப் பெயர்வதும், அதைச் செப்பனிடுவதும் ஓயாத வேலையாக இருந்தன. குகைக்குள் அவ்வேலை மிகவும் குறைந்துவிட்டது. போர் முடிந்து லண்டனுக்குத் திரும்பியதும் பழைய தொல்லை மீண்டும் தலைகாட்டிற்று. வெப்பமும் ஈரமும் அடிக்கடி மாறாதிருப்பதே பொருளுக்கு நலம் என்னும் உண்மை இவ்வாறு புலனாயிற்று. அருமையான பாடம்தான், ஐயமில்லை.

ஆனால் பாடம் நாளடைவில் எண்ணாக மாறிவிட்டது. அக்கூடத்தின் அறிவியல் அறிஞர் கேரி தாம்சன் 1978ஆம் ஆண்டு அருங்காட்சியகச் சூழல் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். முதல்தரக் காட்சியகங்களில் காற்றின் ஈரப்பதம் 50 அல்லது 55 விழுக்காடாக இருக்க வேண்டும், அதற்கு மேலும் கீழும் 5 விழுக்காட்டுக்கு மிகாமலே மாறலாம் என்று அதில் கூறினார். இக்குறுகிய எல்லைகள், பொருள்களைப் பற்றிய ஆழ்ந்த அறிவைக் காட்டிலும் இயந்திரங்களால் எது முடியும் என்பதையே பெரிதும் ஒட்டி அமைந்தவை என அவரே அந்நூலில் நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். படித்தவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு அந்த ஒப்புதலை விட்டுவிட்டனர். ஓவியத்தை இரவல் கொடுப்போர் இவ்வெண்ணையே ஒப்பந்தத்தில் எழுதலாயினர். குளிர்நாட்டுக்கும் வெப்பநாட்டுக்கும் ஒரே விதியாயிற்று.

நம் ஊரில் இவ்விதியை நிறைவேற்றுவது எத்தகைய செயல் என்று பாருங்கள். நான் வாழும் ஆரப்பாளையம் வையையின் தென்கரையில் இருக்கிறது. கத்திரி வெயிலில் ஆற்று மணல் கொதிக்கும். ஐப்பசி மழையில் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறும். ஈரக்காற்றை உலர்த்த வேண்டுமானால், பனிக்கட்டி இட்ட குவளையின் மேல் நீர் முத்து முத்தாய்ப் படிவதுபோல், காற்றை மிகவும் குளிர்வித்து நீரைப் பிரிக்க வேண்டும். பிறகு அளவுக்கு மீறிக் குளிர்ந்த காற்றை மறுபடி சூடாக்க வேண்டும். ஆகவே செலவும் இரட்டிப்பு. அதைத் தாங்க இயலாத இடங்களில் பகலில் இயந்திரத்தை ஓட்டி மாலையில் நிறுத்திவிடுவார்கள். மரமும் தந்தமும் பகலில் சுருங்கி இரவில் விரியும். பார்வையாளர்க்கு அது இதமாக இருக்கலாம். பொருளை நாள்தோறும் ஒருமுறை வதைப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திருமலை நாயக்கர் 1636ஆம் ஆண்டு எழுப்பிய அரண்மனையில் நடுப்பகலில் நின்றவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு என்பது விளங்கும். பருத்த தூண்கள், கனத்த சுவர்கள், உயர்ந்த கூரை, நடுவே பரந்த முற்றம். வெளியிலுள்ள வெப்பம் சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுண்ணாம்புச் சாந்து ஈரம் மிகும்போது சிறிது உறிஞ்சிக்கொண்டு, காற்று உலரும்போது திருப்பித் தரும். வையையின் வடகரையில் இராணி மங்கம்மாளின் பெயரோடு இணைந்த தமுக்கம் அரண்மனையும் அம்மரபினதே. நாயக்கர் மகாலில் வைத்திருக்கும் கற்சிற்பங்களுக்கு இக்கட்டடமே போதும். குளிர்சாதனம் அவற்றுக்கு எதையும் கூட்டப்போவதில்லை. புறாக்களைத் துரத்துவதுதான் அங்கே உண்மையான பாதுகாப்பு வேலை!

எல்லாப் பொருளும் கல் அன்று. அதை மறந்துவிடக் கூடாது. செப்புத்திருமேனியில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சைப் பொடி பூத்து உலோகத்தையே அரித்துவிடும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டு முதல் எஸ். பரமசிவன் என்னும் வேதியியல் அறிஞர் இந்நோய்க்கு மருத்துவம் செய்தார். அவர் செய்தது நோயுற்ற படிமத்துக்கு மருத்துவம். ஓலைச்சுவடிக்கோ பூச்சியும் வறட்சியும் பகை. தஞ்சைச் சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கர்ப்பூரம் ஆகியவற்றை இடித்துப் பொட்டணமாக வைப்பது மரபு. எந்தப் பொருளுக்கு எது பகை என்று முதலில் அறிந்தால், அறை முழுவதையும் குளிர்விக்காமல் அப்பொருள் இருக்கும் பேழையை மட்டும் காக்கலாம்.

தமுக்கம் அரண்மனையில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்தை 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நேரு திறந்துவைத்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் உடுத்தியிருந்த, குருதி தோய்ந்த ஆடையின் பகுதி அங்கே போற்றப்படுகிறது. 1921 செப்டம்பரில் அவர் அரையாடைக்கு மாறியதும் இம்மதுரையில்தான். துணிக்குப் பெரும்பகை ஒளி. ஒளியால் நேரும் சிதைவு ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போகும். எந்த மருத்துவத்தாலும் அதை மீட்க முடியாது. ஆதலின் துணிக்கு 50 லக்ஸ் ஒளி போதும் என்பர். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தொலைவில் தரும் ஒளி ஏறத்தாழ ஒரு லக்ஸ். உச்சிவெயிலோ 1,00,000 லக்ஸ் வரை செல்லும். ஆள் இல்லாதபோது விளக்கை அணைத்தால் மின்சாரமும் மிஞ்சும், துணியின் ஆயுளும் நீளும். பழைய 60 வாட் குமிழ்விளக்கின் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடுகிறது, பழைய விளக்கு கக்கிய வெப்பத்தை வெளியேற்றும் செலவும் இல்லை.

அயல்நாட்டாரும் காலம் தாழ்த்தியேனும் தம் எண்ணைத் திருத்திக்கொண்டனர். 2014ஆம் ஆண்டு ஹாங்காங்கிலும் மெல்போர்னிலும் கூடிய பாதுகாப்பு வல்லுநர்கள், அந்தந்த ஊர்த் தட்பவெப்பத்தை மதிக்க வேண்டும் என்று அறிவித்தனர். பெருங்காட்சியகங்களின் தலைவர்கள் அடங்கிய பிசோ குழுவும், பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் போதும் என எல்லையை அகலமாக்கியது. 25 டிகிரியும்கூட மதுரைக்குக் குளிர்தான்! ஆயினும் நாம் நம் பொருள்களை நாமே ஆராய்ந்து நம் எல்லையை வகுத்துக்கொள்ள இது இடம் தருகிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றங்களோடு அமைந்திருக்கிறது. ஆதன் என்று தமிழியில் பெயர் கீறிய பானையோடு அங்கே கிடைத்தவற்றுள் ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கோடையும் மழையும் கண்ட மண்ணில் கிடந்தும் எழுத்து மங்கவில்லை. சுட்ட களிமண்ணுக்குக் குளிர்காற்று தேவையில்லை. அதே மண்ணில் கிடைத்த இரும்புக் கருவியின் நிலை வேறு. அத்தகைய இரும்பை இறுக மூடிய சிறு பேழைக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்க வேண்டும். அம்மணிகள் ஈரம் குடித்து நிறம் மாறியதும் எடுத்துச் சூடேற்றி உலர்த்தி மீண்டும் உள்ளே வைக்க, தவறாமல் வந்து பார்க்கும் ஓர் ஊழியர் வேண்டும்.