குகைக்குக் கட்டணம் கேட்ட கதை



விடுமுறை விட்டால் பிள்ளைகளோடு குகை பார்க்கப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆந்திராவில் அரக்கு பக்கத்தில் உள்ள போரா குகைக்குப் பலரும் போய் வருகிறார்கள். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய பெரிய குகை அது. டிக்கெட் உண்டு, வண்ண விளக்கு உண்டு. நம் அண்ணாமலைக் குகைகள் சிறியவை. விளக்கு அலங்காரம் கிடையாது. ஆனால் இங்கேயும் ஒரு காலத்தில் நுழைவுக் கட்டணம் இருந்தது. அந்த வரலாறு நம் ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

பகவான் ரமணர் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்தார். 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையில் இருந்தார். விருபாட்ச தேவரின் சமாதி உள்ள குகை அது. ஊரில் இருந்த மடத்துக்குச் சொந்தம். கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டத்திடம் மடத்தார் கட்டணம் வசூலிப்பது வழக்கம். ரமணர் குடியேறியபோது மடத்துக்கு உரிமை கோரி இரு தரப்பார் வழக்காடிக்கொண்டிருந்ததால் வசூல் நின்றிருந்தது.

வழக்கு முடிந்ததும் வென்றவர்கள் மறுபடி வசூலைத் தொடங்கினார்கள். அதற்குள் ரமணரைப் பார்க்க ஆண்டு முழுவதும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தனர். தம்மைப் பார்க்க ஏழைகள் காசு கொடுப்பதா என்று ரமணர் வெளியே வந்து மரத்தடியில் அமர்ந்தார். வசூல்காரர் மரமும் உள்ளே அடங்கும்படி எல்லையைத் தள்ளிப் போட்டார்! ரமணர் ஒரு சொல்லும் பேசவில்லை. கீழே சத்குருசாமி குகைக்குப் போய்விட்டார். பிறகு வேறொரு குகைக்கு மாறினார். விருபாட்ச குகைக்கு வருவோர் நின்றுபோனார்கள். மடத்தாரே வந்து, அவர் இருக்கும்வரை கட்டணம் வாங்குவதில்லை என்று சொல்லித் திரும்ப அழைத்தார்கள்.

காவ்யகண்ட கணபதி முனி 1907இல் அவருக்கு ரமணர் என்று பெயர் சூட்டியது இந்தக் குகையில் இருந்த காலத்தில்தான். எச்சம்மாள் என்ற அம்மையார் நாள்தோறும் மலையேறி உணவு கொண்டுவந்ததும் இங்கேதான். 1916இல் தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்த பின், மேலே உள்ள கந்தாசிரமத்துக்கு இடம் மாறினார்கள். கந்தசாமி என்ற அன்பர் கட்டியதால் அந்தப் பெயர். 1922இல் தாயார் மறைந்ததும் அங்கேதான்.

இன்று இரண்டு இடங்களுக்கும் கட்டணம் இல்லை. ரமணாசிரமத்தின் பின்வாசல் வழியாக ஏறி, கந்தாசிரமம் பார்த்துவிட்டு, விருபாட்ச குகை வழியாக ஊருக்குள் இறங்கலாம். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே தியானத்தில் இருப்பவர்கள் உண்டு, போனை அணைத்துவிடுங்கள். ஏறும் வழியிலேயே இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஒருவர் காசு கேட்காமல், சண்டையும் போடாமல், எழுந்து போயே ஒரு வழக்கத்தை நிறுத்திய இடம் என்று தெரிந்தால், அந்தச் சின்னக் குகை அவர்களுக்குப் பெரிதாகத் தெரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.