நீள்வட்டத்துள் ஒரு முகம்

யாழ்ப்பாணத்துச் சைவ வீடொன்றில் ஒருவர் காலமானால், 31ஆம் நாளுக்குள் ஒரு சிறு புத்தகம் அச்சாகிவிட வேண்டும். அந்தியேட்டிக் கிரியைகளைக் கீரிமலையில் முடித்து, வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இருக்கும் உறவினர்களிடமும் ஊரவர்களிடமும் அதைக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்பது பழைய பெயர். நினைவுமலர் என்றும் சொல்வார்கள். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, ஆண்டும் மாதமும் பட்சமும் திதியும் பதிந்த திதி வெண்பா, மனைவி மக்களின் புலம்பல், தேவார திருவாசகம் என்று உள்ளடக்கம் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் போகும். இவற்றுக்கெல்லாம் முன்னே, தோற்றம், மறைவு என்ற இரு திகதிகளுக்கு மேலே, ஒரு முகம் இருக்கும். அந்த முகம் பெரும்பாலும் நீள்வட்டத்துள் இருக்கும்.

நாற்சதுரமான புகைப்படம் எப்படி நீள்வட்டமானது, நீள்வட்டத்துக்கு வெளியே விடப்பட்டது எங்கே போனது என்ற இரண்டு கேள்விகளும் அச்சுக்கூடத்துக்கும் கணினிக்கும் பொதுவானவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரண்டாவது கேள்விக்குத் தனிக் கனம் உண்டு.

எழுத்தை அச்சிடுவதில் யாழ்ப்பாணம் முந்திக்கொண்ட ஊர். 1834இல் அமெரிக்க மிசன் அச்சாளர் ஈஸ்ட்மன் ஸ்ட்ரோங் மைனர் மானிப்பாயில் அச்சுக்கூடத்தைப் பொறுப்பேற்றார். 1841 ஜனவரியில் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது. 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்த ஆறுமுக நாவலர் அதை வண்ணார்பண்ணையில் நிறுவினார். ஆனால் அந்தக் காலத்து அச்சுக்குப் புகைப்படம் எட்டாத பொருள். ஒளியும் நிழலும் கலந்த சாம்பல் நிறங்களை அச்சுமையால் காட்ட வழியில்லை. மை பட்டால் கறுப்பு, படாவிட்டால் வெள்ளை. உருவம் வேண்டுமென்றால் மரக்கட்டையில் கையால் செதுக்கவேண்டும். பழைய கல்வெட்டுகள் பலவற்றில் பாட்டு மட்டுமே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இறந்தவரின் தோற்றத்தைப் புலவர்தான் சொல்லவேண்டியிருந்தது.

புகைப்படக்காரர்களோ நீள்வட்டத்தை எப்போதோ எடுத்தாளத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு அழகு மட்டும் காரணமல்ல. 1840இல் யோசப் பெட்ஸ்வால் கணித்தமைத்த உருவப்பட வில்லை நடுவில் கூர்மையாகவும் ஓரங்களில் மங்கலாகவும் படம் தரும். மங்கிய மூலைகளை மறைக்க நீள்வட்டத் துளையிட்ட அட்டை போதும். முகம் எடுப்பாகவும் தெரியும். 1888இல் வந்த முதல் கொடாக் கமராவின் படங்கள் முழு வட்டமாகவே இருந்ததற்கும் வில்லையின் ஓரக் குறை ஒரு காரணம். பின்னர் வில்லைகள் திருந்தின. வடிவம் மட்டும் ஸ்ரூடியோக்களில் நிலைத்துவிட்டது.

1880களில் ஹாஃப்ரோன் முறை வந்தபின்தான் ஈய எழுத்தோடு புகைப்படமும் அச்சேறியது. நுண்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் கீறிய கண்ணாடித் திரையூடாகப் படத்தை மறுபடி படமெடுத்தால் சாம்பல் நிறங்கள் புள்ளிகளாக உடையும். இருண்ட இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சிறிய புள்ளி. அந்தப் புள்ளிகளைத் துத்தநாகத் தகட்டில் பதித்து அமிலத்தால் அரித்தெடுத்தால் புளொக் கிடைக்கும். தகட்டை நீள்வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சீவி, மரத்துண்டில் அறைந்து, ஈய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவரவேண்டும். 23.3 மில்லிமீற்றர்தான் அந்த உயரம். புளொக் சற்றுத் தாழ்ந்தால் முகம் வெளிறிப்போகும், உயர்ந்தால் மை அப்பும்.

இறந்தவருக்குத் தனிப்படம் இல்லாத வீடுகள் அப்போது பல. கலியாணப் படமோ பாடசாலைக் குழுப்படமோதான் இருக்கும். அதில் ஒரு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவரின் தோளையும் பின்னாலிருக்கும் திரைச்சீலையையும் வெள்ளை மையால் பூசி மறைத்துவிட்டுத்தான் புளொக்குக்குக் கொடுப்பார்கள். அந்த வெள்ளைப் பூச்சும் தகட்டை அறுத்த வாளும் செய்த வேலை மீளாதது. புளொக்கைப் பத்திரப்படுத்தி ஆண்டு நினைவுக்கு மறுபடி அச்சிடலாம். அறுத்தெறிந்த மூலையை அதிலிருந்து திரும்பப் பெற முடியாது.

1959இல் ‘ஈழநாடு’ பத்திரிகை யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கியபோது உலகின் மறுபக்கத்தில் கணினித் திரைக்கு இதே சிக்கல் வேறு வேடத்தில் வரவிருந்தது. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாந்து தன் ஸ்கெட்ச்பாட் நிரலில் திரையிலேயே கோடு வரையச் செய்தார். வரைபடத்தைப் பெரிதாக்கினால் கோடுகள் திரைக்கு வெளியே போகும். வெளியே போவதை வெட்டிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் காட்டவேண்டும். 1974இல் அவரும் கரி ஹொட்ஜ்மனும் பலகோண உருவங்களைப் பக்கம் பக்கமாக வெட்டும் முறையொன்றை வெளியிட்டார்கள். வரைகலைப் பாடம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைக் கற்கிறார்கள்.

நேர்கோட்டால் வெட்டுவது எளிது. நீள்வட்டத்தால் வெட்டுவது அப்படியல்ல. அதைச் சாதாரண மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தவர் அப்பிள் நிறுவனத்தின் பில் அட்கின்சன். அந்நிறுவனத்தின் லிசா, மக்கின்ரோஷ் கணினிகளுக்குக் குவிக்டிரா என்ற வரைதொகுப்பை எழுதிய அவர், 1981இல் வட்டங்களையும் நீள்வட்டங்களையும் மிக வேகமாக வரையும் வழியொன்றைக் கண்டார். ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வரும்: 1, 4, 9, 16. வர்க்கமூலம் காணத் திணறும் சிப்பைக் கூட்டல் மட்டும் செய்யவைத்து வளைவை வரைந்துவிட்டார். எத்தகைய வடிவத்தையும் ஓர் எல்லையாக நினைவில் வைக்கும் ‘ரீஜன்’ முறையையும் அவரே அமைத்தார். படத்தின் ஒவ்வொரு வரியிலும் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறோம், எந்த இடத்தில் வெளியேறுகிறோம் என்ற குறிப்பை வைத்தால் போதும். மேல்வரி போலவே கீழ்வரியும் இருந்தால் அதைத் திரும்ப எழுதத் தேவையில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்களும் நீள்வட்டத்துள் முகமும் இந்த ஒரே ஏற்பாட்டால் வந்தவை. கல்வெட்டு வடிவமைக்கும் எவரும் அறிந்திருக்கவேண்டிய பெயர் அட்கின்சன்.

1984இல் இரண்டு காரியங்கள் நடந்தன. அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டது. வளைகோடுகளால் பாதை வரைந்து, அதையே வேலியாக்கி, உள்ளே படத்தை அச்சிடு என்று அச்சியந்திரத்துக்கே ஆணையிடலாம். அதே ஆண்டில் லூகாஸ்ஃபில்மில் வேலைசெய்த தோமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் படங்களைக் கலக்கும் கணக்கை எழுதினார்கள். ஒரு பிக்சல் வடிவத்துக்குள் 40 வீதம் மட்டும் இருந்தால் முகத்தின் நிறத்தில் 40 வீதமும் பின்னணியில் 60 வீதமும் எடு என்பது அதன் சாரம். விளிம்பு மென்மையாவது இந்தக் கணக்கால்தான்.

வேலியால் வெட்டுவதற்கும் விளிம்பைக் கலப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மேசைக்கணினி நிரலாளர்கள் நேரில் கண்டார்கள். 1998இன் ஜாவா 2டியிலும் 2001இல் வின்டோஸ் எக்ஸ்பியோடு வந்த ஜிடிஐ பிளஸ்ஸிலும் நீள்வட்டத்தை வேலியாக்கிப் படம் வரைந்தால் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். ஒரு பிக்சல் ஒன்றில் உள்ளே, அல்லது வெளியே. படத்தையே தூரிகையின் மையாக்கி நீள்வட்டத்தை நிரப்பினால் ஓரம் வழுவழுப்பாகும். முகம் என்று வரும்போது இந்தச் சிறு வேறுபாடு பெரிதாகத் தெரியும். காதோரமும் தலைமுடியும் அரிந்தது போல நிற்கும் படத்தை எந்தக் குடும்பமும் விரும்பாது.

உலகம் இந்த வசதிகளைப் பழகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் குடாநாடு இருட்டில் இருந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் தாளுக்கும் தட்டுப்பாடு. ‘உதயன்’ நாளிதழ் கோடுபோட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகி வெளிவந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி வெளியேறினார்கள். கையில் எடுத்தவை அடையாள அட்டை, காணி உறுதி, நகை, உடுப்பு. சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டங்களும் பெட்டிக்குள் இருந்த அல்பங்களும் பல வீடுகளில் விடுபட்டுப் போயின. திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடே இருக்கவில்லை.

அப்போதுதான் கல்வெட்டின் அருமை தெரிந்தது. ஒரே புத்தகம் பல படிகளாகக் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உறவினர் வீடுகளில் இருந்தது. அம்மம்மாவின் முகம் வேண்டுமென்றால் அந்த நீள்வட்டம் ஒன்றுதான் மிச்சம். கலியாணப் படத்தில் அவர் பக்கத்தில் நின்றவர் யார், பின்னால் தெரிந்தது எந்த வீட்டு விறாந்தை என்பதெல்லாம் வாளோடு போய்விட்டன. அச்சான புள்ளிகளைப் பெருப்பித்தால் முகமும் புள்ளிகளாகச் சிதறும்.

மின்சாரம் மீண்டபின் அச்சகங்களில் பேஜ்மேக்கரும் போட்டோஷொப்பும் பாமினி எழுத்துருவும் குடியேறின. ஈய எழுத்துப் பெட்டிகள் ஒதுங்கின. இன்று தொலைபேசியில் வந்த படத்தை நீள்வட்டத்தில் இடுவது சில நொடி வேலை. அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 2 அங்குல அகலமும் 2.5 அங்குல உயரமும் கொண்ட படத்தில் 4,50,000 பிக்சல்கள் உண்டு. அதில் பொருந்தும் நீள்வட்டம் ஏறத்தாழ 3,53,400ஐ எடுத்துக்கொள்ளும். மீதி 96,600, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஆனால் அழிவதில்லை. கணினியின் வேலி மறைக்குமே தவிர அறுக்காது. வடிவமைத்த மூலக்கோப்பில் முழுப்படமும் கிடக்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட் வழிவந்து 1993இல் அறிமுகமான பிடிஎஃப் கோப்பிலும் பல வேளைகளில் நீள்வட்டத்துக்குப் பின்னால் மூலைகள் அப்படியே இருக்கும்; தகுந்த மென்பொருளில் திறந்தால் எடுத்துவிடலாம். ஜேபெக்காக மாற்றிவிட்டால் அது முடியாது.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடு நினைவுமலர்களையும் வருடி இணையத்தில் வைத்துவருகிறது. ஊர், குலம், தொழில், புலம்பெயர்வு பற்றிய எத்தனையோ தரவுகள் அவற்றில் உள்ளன. ஈய எழுத்துக் காலத்துக் கல்வெட்டுக்கு அச்சான பக்கத்தை வருடுவதைத் தவிர வேறு வழியில்லை. இக்காலத்து மலருக்கு அச்சகத்தின் பிடிஎஃப்பும், வெட்டாத மூலப்படமும், அதில் நிற்பவர்களின் பெயர்களும் சேர்ந்தே ஆவணகத்துக்குப் போகலாம். அச்சு முடிந்ததும் கணினியிலிருந்து கோப்பை நீக்கிவிடும் வழக்கம்தான் இதற்குக் குறுக்கே நிற்கிறது. 31ஆம் நாள் அவசரத்தில் படத்தைக் கொடுக்கும் குடும்பம் அன்றே கேட்டு வாங்கிக்கொண்டால் அந்த மூலைகளும் தப்பும்.