ஓர் அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம்: இச்சாப்பூர் துப்பாக்கியும் துல்லியத்தின் வரலாறும்

100 அடித் தொலைவிலிருந்து 5 தோட்டாக்கள் சுடப்படும். அவற்றுள் 4, ஓர் அங்குல அகலமும் ஒன்றரை அங்குல உயரமும் உடைய செவ்வகத்துக்குள் விழுந்தால் போதும். லீ-என்ஃபீல்டு துப்பாக்கி துல்லியச் சோதனையில் தேறிவிடும். இரண்டு உலகப் போர்களிலும் பிரித்தானியப் பேரரசின் காலாட்படை தோளில் சுமந்த ஆயுதத்துக்கு வகுக்கப்பட்டிருந்த அளவு இதுதான். ஐந்தில் ஒன்று வெளியே போனாலும் பழுதில்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் உரிமம் பெற்ற குடிமகன் ஒருவர் அதிகச் செலவின்றி வாங்கக்கூடிய போல்ட்-ஆக்‌ஷன் துப்பாக்கி, அதாவது போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை, நெடுங்காலமாக இச்சாப்பூர் ஆலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள்தான். அதன் உடற்கூறு லீ-என்ஃபீல்டினுடையது. அமெரிக்காவின் மலிவுவிலைத் துப்பாக்கிகள் 100 கஜத்தில் ஓர் அங்குல வட்டத்துக்குள் சுடுவதைக் காணொளிகளில் பார்த்துவிட்டு, ‘நம் ஊர்ச் சரக்கு எதற்கும் உதவாது’ என்று முடிவுகட்டுவோரை அடிக்கடி காண்கிறேன். இந்த ஒப்பீடு வரலாற்றை மறந்த ஒப்பீடு என்பது என் கருத்து. ஒரு துப்பாக்கியிடம் எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம் என்பது இந்த நாட்டில் பொறியியல் கேள்வியாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

முதலில் அளவைப் பற்றி ஒரு சொல். துப்பாக்கித் துல்லியத்தை உலகெங்கும் கோணத்தால் அளக்கிறார்கள். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அதன் அலகு. இதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பஞ்சாங்கக் கணிதத்தில் பாகை, கலை, விகலை என்ற அடுக்கு ஏற்கெனவே உண்டு. ஒரு கலை என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம், 100 மீட்டரில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர். மேலே சொன்ன செவ்வகத்தை இந்த அலகில் மாற்றினால் ஏறக்குறைய 2.9 கலை அகலம், 4.3 கலை உயரம். இன்றைய விளம்பரங்கள் உறுதியளிப்பது ஒரே ஒரு கலை. இடைவெளி பெரிதுதான். ஆனால் 300 கஜத்தில் நிற்கும் மனிதனின் உடல் அகலத்தை 18 அங்குலம் என்று கொண்டால் அது 5.7 கலை. அந்தச் சோதனையை எழுதியவர்கள் தங்களுக்குத் தேவையானதை எழுதினார்கள். அதற்கு மேல் கேட்கவில்லை.

இனி, கதை தொடங்கும் இடத்துக்கு வருவோம். 1857 எழுச்சியில் என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தோட்டா வகித்த பங்கு பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. அதன் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எழுச்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858–59 காலத்தில் தனி வகைத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. பார்வைக்கு என்ஃபீல்டு போலவே இருக்கும். ஆனால் குழலின் உள்ளே குண்டைச் சுழலச் செய்யும் திருகுவரிகள் இரா, உட்புறம் வழுவழுப்பாக்கப்பட்டிருக்கும். தொலைவுக்கேற்ப உயர்த்தும் சைட்டும் கிடையாது. வெள்ளைச் சிப்பாயின் குண்டு பல நூறு கஜம் குறிதவறாமல் செல்லும். அதே அணிவகுப்பில் நிற்கும் இந்தியச் சிப்பாயின் குண்டு நூறு கஜம் தாண்டினாலே திசைமாறும். இதைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று சொல்ல முடியாது. துல்லியம் இவர்களுக்கு வேண்டாம் என்று முடிவுசெய்து, அந்த முடிவை இரும்பில் செய்து கொடுத்தார்கள். பின்னர் வந்த பதிற்றாண்டுகளிலும் இந்தியப் படைப்பிரிவுகள் ஒரு தலைமுறை பின்தங்கிய ஆயுதத்தையே பெற்றன: பிரித்தானியர் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறியபோது இவர்களுக்கு ஸ்னைடர், அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்கு மாறியபோது இவர்களுக்கு மார்ட்டினி.

குடிமக்களின் நிலையையும் அதே மனப்பான்மையே தீர்மானித்தது. லிட்டன் ஆட்சியில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. 1918இல் வெளியிட்ட படைசேர்ப்புத் துண்டறிக்கையில் காந்தியே இச்சட்டத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு கட்டுப்பாடு சேர்ந்தது. படை பயன்படுத்தும் .303, .450 போன்ற அளவுகளைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது. அந்தத் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம். இங்கிலாந்தின் துப்பாக்கி வணிகர்கள் இந்தியச் சந்தையை இழக்க விரும்பவில்லை. யானை வேட்டைக்கான .470, .465 முதலிய புதிய அளவுகள் பிறந்தது இதனால்தான். லீ துப்பாக்கியின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஆஸ்திரிய மன்லிச்சர் துப்பாக்கியின் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்பக் குழலை மாற்றி பிஎஸ்ஏ முதலிய நிறுவனங்கள் விற்றன. அந்த 8 மில்லிமீட்டர்தான் .315.

ஆகவே .315 என்ற எண், குறிசுடும் போட்டிக்கு எந்த அளவு சிறந்தது என்று ஆராய்ந்து எட்டப்பட்ட எண் அன்று. சட்டம் எதைத் தடுக்கவில்லையோ அது. அதன் விளைவை இன்றும் சுடுபவர் அனுபவிக்கிறார். வேறு நாடுகளில் ஒருவர் துப்பாக்கி வாங்கியதும் ஐந்தாறு நிறுவனங்களின் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, தம் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று தேர்ந்துகொள்வார். துல்லியத்தில் பாதி அங்கேதான் கிடைக்கிறது. .315க்கோ பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைத் தோட்டா ஒன்றுதான். ‘கேஎஃப்’ என்று புனேயின் கட்கி ஆலையின் முத்திரை தாங்கி வருவது. பிடிக்கிறதோ இல்லையோ, துப்பாக்கி அதைத்தான் உண்ண வேண்டும்.

இச்சாப்பூர் கல்கத்தாவுக்கு வடக்கே, பாரக்பூரை அடுத்து ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. வங்காளிகள் ‘இச்சாப்பூர்’ என்கிறார்கள். ஆங்கிலேயர் எழுத்துக்கூட்டியதில் அது ‘இஷாப்போர்’ ஆகி, உலகத் துப்பாக்கி ஆர்வலர்கள் நாவில் அப்படியே நிலைத்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வெடிமருந்து ஆலை அமைத்தது. துப்பாக்கி ஆலை 1904இல் நிறுவப்பட்டது. 1907இல் ஏற்கப்பட்ட மார்க் 3 வகையைப் பின்னர் இங்கிலாந்து கைவிட்டு நான்காம் எண் துப்பாக்கிக்கு மாறிய பிறகும், இரண்டாம் உலகப் போர் முழுவதும் இச்சாப்பூர் பழைய மூன்றையே செய்துகொண்டிருந்தது.

அந்த ஆலை எதிர்கொண்ட பெரும் பகை மழைக்காலம். லீ-என்ஃபீல்டின் குழல் முனைவரை மரக்கட்டையால் பொதியப்பட்டது. அந்தக் கட்டை குழலை எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தித் தாங்குகிறது என்பதைப் பொறுத்தே குண்டு விழும் இடம் அமையும். ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அழுத்தம் மாறும், குறியும் நகரும். வங்கத்தின் ஆடி மாதத்துக்கும் ராஜஸ்தானின் வைகாசிக்கும் ஒரே மரக்கட்டை ஈடுகொடுக்க வேண்டும். கட்டை பிளந்துவிடாதபடி அதன் ஊடாகக் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தி இறுக்கும் வழக்கம் இங்கே ஏற்பட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதை ‘இஷாப்போர் ஸ்க்ரூ’ என்றே அழைக்கிறார்கள். சிலர் அதை அவலட்சணம் என்பார்கள். தட்பவெப்பத்தோடு போராடிய தொழிலாளர்களின் கையெழுத்தாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

இனி, இந்த அமைப்பின் மீது சாட்டப்படும் முதன்மைக் குற்றம். மவுசர் வகையில் போல்ட்டின் பூட்டுப்பற்கள் முன்புறம், தோட்டாவுக்கு அருகில் இருக்கும். ஜேம்ஸ் பாரிஸ் லீயின் அமைப்பில் அவை பின்புறம் இருக்கின்றன. வெடிக்கும்போது போல்ட்டும் அதைத் தாங்கும் உடலும் சற்று நெகிழ்கின்றன. குழல் மேலும் கீழும் அதிர்கிறது. இதனால் குறிகள் செங்குத்தாகச் சிதறும் என்பது குற்றச்சாட்டு. சோதனைச் செவ்வகத்தின் உயரம் அகலத்தைவிடக் கூடுதலாக இருந்ததையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் நெடுந்தொலைவில் ஒரு விந்தை நிகழ்கிறது. எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் குண்டைச் செலுத்துவதில்லை. மெதுவான குண்டு குழலைவிட்டுச் சற்றுத் தாமதமாக வெளியேறும். அந்தக் கணத்தில் குழல்முனை மேல்நோக்கி எழுந்துகொண்டிருக்கிறது. எனவே மெதுவான குண்டு சற்று உயரமாக ஏவப்படுகிறது. வேகமான குண்டு தாழ்வாக ஏவப்படுகிறது. 100 கஜத்தில் இது சிதறலாகத் தெரியும். 900, 1000 கஜத்தில் மெதுவான குண்டு கூடுதலாகத் தாழ்ந்து, வேகமானதோடு ஏறத்தாழ ஒரே உயரத்தில் வந்து சேரும். இங்கிலாந்தின் பிஸ்லி திடலில் போட்டியிட்டவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். நெடுந்தொலைவுக்கு லீ-என்ஃபீல்டை விரும்பித் தேர்ந்தவர்கள் உண்டு. 100 கஜத்துத் தாளை மட்டும் பார்த்து ஒரு துப்பாக்கியை எடைபோடுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அப்படியானால் ‘ஓர் அங்குலம்’ என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிச் சந்தையிலிருந்து. 1958இல் வெளிவந்த சாவேஜ் 110 ஒரு திருப்புமுனை. நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்த அந்தத் துப்பாக்கியில் குழலை ஒரு மரையால் உடலோடு இறுக்கினார்கள். தோட்டா அமரும் இடைவெளியை அந்த மரையைத் திருப்பியே சரிசெய்துவிடலாம். கைதேர்ந்த தொழிலாளி மணிக்கணக்கில் அராவிச் செய்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. விலை குறைந்தும் துல்லியம் குறையவில்லை. பின்னர், ஈரத்தால் உப்பாத பிளாஸ்டிக் கட்டையும் தொலைநோக்கியும் மலிவாயின. இந்த வசதிகளில் ஒன்றுகூட 1907இன் வடிவத்துக்குக் கிடையாது.

அந்த ஓர் அங்குலத்தின் கணக்கிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. விளம்பர அங்குலம் பெரும்பாலும் மூன்று குண்டுகளின் அங்குலம். குறிகள் இயல்பான முறையில் சிதறுகின்றன என்று கொண்டால், மூன்று குண்டுகளின் சராசரி விரிவு ஓர் அங்குலமாக இருக்கும் அதே துப்பாக்கி, ஐந்து குண்டுகளில் சராசரியாக 1.27 அங்குலமும் பத்தில் 1.58 அங்குலமும் காட்டும். துப்பாக்கி மாறவில்லை, எண்ணிக்கை மட்டுமே மாறியது. படைச் சோதனையோ ஐந்தில் நான்கைக் கேட்டது. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது, முழத்தையும் சாணையும் ஒன்றென்று எண்ணுவதற்குச் சமம்.

(இடையில் ஒரு மொழிக்குறிப்பு. ‘துல்லியம்’ என்ற சொல் ‘துல்ய’ என்ற வடசொல்லின் வழிவந்தது; ‘ஒத்தது, சமமானது’ என்று பொருள்; துலாக்கோலின் உறவினர். நாம் அந்த ஒரே சொல்லால் இரு வேறு பண்புகளைக் குறிக்கிறோம்: குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுவது ஒன்று, குறிவைத்த இடத்தில் விழுவது மற்றொன்று. சைட்டைத் திருத்தினால் இரண்டாவது சரியாகிவிடும். முதலாவதைச் சைட் திருத்தாது. என்சிசி பயிற்சியில் .22 துப்பாக்கியோடு 25 கஜத்தில் படுத்துச் சுட்டவர்களுக்கு இது தெரியும். அங்கே முதலில் பார்ப்பது ‘குரூப்பிங்’கைத்தான். நடுப்புள்ளியை விட்டு விலகியிருந்தாலும் ஐந்தும் ஓரிடத்தில் நெருங்கி விழுந்தால் பயிற்றுநர் பாராட்டுவார். ‘நெருக்கம்’, ‘குறியடைவு’ என்று இரண்டையும் பிரித்து வழங்கினால் பாதி வாதங்கள் எழவே எழா.)

போட்டி அரங்கின் அளவு வேறு உலகம். 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், கோணத்தில் 0.7 கலை. 2024இல் பாரிசில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே சுட்டது இந்த வட்டத்தை நோக்கித்தான். அதற்கான .22 துப்பாக்கிகளும் கையால் ஏற்றும் போல்ட் வகையே என்றாலும், அவை வெளிநாட்டிலிருந்து வருபவை; அவற்றின் தோட்டாவைக்கூடத் தொகுதி தொகுதியாகச் சோதித்துத் தேர்கிறார்கள். கோல்ஹாப்பூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் ரயில்வே பரிசோதகர் வேலையோடு அந்த நிலையை எட்டினார் என்பது பெருமைக்குரியது. அந்த அளவுகோலை உள்ளூர் .315 மீது வைப்பது மட்டும் நியாயமாகாது.

1962 போரில் நம் வீரர்கள் .303 ஏந்தி, தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளை எதிர்கொண்டார்கள். அதன் பிறகு இச்சாப்பூர், வலிமையான எஃகில், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு, 12 தோட்டா கொள்ளும் பெட்டியோடு 2ஏ என்ற வகையை உருவாக்கியது. அதன் சைட்டில் பழைய வழக்கப்படி 2000 வரை எண்கள் இருந்தன. அடுத்து வந்த 2ஏ1இல் அது 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. திறந்த சைட்டில் வெறுங்கண்ணால் 2000ஐக் குறிவைப்பது, படை வரிசைகள் ஒன்றாகச் சுட்ட காலத்தின் கற்பனை. அதை ஒரு இந்திய ஆலை இரும்பிலிருந்து அழித்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் .303க்கு விடைகொடுத்தது.

திறந்த சைட்டும் ஆலைத் தோட்டாவும் கொண்டு, 100 மீட்டரில் மூன்று, நான்கு கலைக்குள் ஒரு .315 சுடுமானால், அது தன் குலத்துக்கு வகுக்கப்பட்ட அளவை நிறைவேற்றிவிட்டது என்றே நான் கொள்வேன். ஐயமுள்ளவர்கள் முறையான சுடுதிடலில், ஓய்வுமேடையில் வைத்து, பத்துக் குண்டுகளை ஒரே தாளில் சுட்டு அளக்கட்டும். தையில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை. கட்டையின் திருகாணிகளைச் சரிபார்த்த பிறகு.