தோட்டாவுக்கு எதற்குப் பட்டை?

பெரிய வேட்டை ரைஃபிள்களுக்கான மேக்னம் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் பித்தளைக் கூட்டின் அடியில், விளிம்புக்குச் சற்று மேலே, தடித்த வளையம் ஒன்று ஓடும். ‘பெல்ட்’ என்பார்கள், நாம் பட்டை என்போம். கூட்டுக்கு அது பலம் சேர்க்கிறது என்று வெகுகாலம் நம்பியவர்கள் உண்டு. பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது பிறந்த கதை ஒரு வெடிமருந்தின் வடிவத்திலிருந்து தொடங்குகிறது.

அந்த மருந்தின் பெயர் குன்னூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நீலகிரி மலை ரயில் நிற்கும் அருவங்காட்டில் 1903-இல் வந்த ஆலை ‘கார்டைட் ஃபேக்டரி’தானே! புகை அதிகம் வராத கார்டைட்டை 1889-இல் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அது தன் கண்டுபிடிப்பின் நகல் என்று ஆல்ஃபிரட் நோபலின் கம்பெனி வழக்குத் தொடுத்து, பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. அரிசி மாவை இடியாப்ப அச்சில் பிழிவதுபோல மருந்தைப் பிழிந்து நீள இழைகளாக்குவதுதான் கார்டைட். வேட்டைக்காரர்களுக்குப் பட்டை கிடைத்தது இந்த இழைகளின் புண்ணியத்தில்.

ரைஃபிள் தோட்டாவின் கூடு போத்தலைப் போல் கழுத்து குறுகி இருக்கும். அந்தக் கழுத்து வழியாக இழைக் கட்டை உள்ளே நுழைப்பது பெரும்பாடு. ஆகவே முதலில் நேர்க்குழாயாக இருக்கும் கூட்டில் இழைகளைச் செருகிவிட்டு, அதன் பிறகே கழுத்தை நெருக்கினார்கள். மருந்து உள்ளே இருக்கும்போது பித்தளையை ஓரளவுக்கு மேல் மடக்க முடியாது. கழுத்துக்குக் கீழே விரியும் ‘தோள்’ மெல்லச் சரிந்தபடியே அமைந்தது. வெப்ப நாடுகளுக்கு அதுவும் வசதிதான். வெயிலில் கார்டைட்டின் அழுத்தம் எகிறினாலும், சரிவான கூடு சிக்காமல் வெளியே வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தோட்டா உள்ளே போய் ஓரிடத்தில் தடுத்து நிற்க வேண்டும். நில்லாவிட்டால் துப்பாக்கியின் ஊசி அதைச் சரியாக அடிக்காது. பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் அகன்ற விளிம்பு அந்த வேலையைப் பார்த்தது. போல்ட் ரைஃபிளின் மேகசினிலோ விளிம்புகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். மவுசர் வகைத் தோட்டாக்கள் தோளில் முட்டி நின்றன. லண்டன் துப்பாக்கிக் கம்பெனியான ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் தோட்டாவுக்கு முட்டும்படியான தோளே இல்லை. அதற்காகத்தான் அடியில் ஒரு வளையம். 1905-இல் ஒரு தோட்டாவில் அதை முயன்றார்கள், 1912-இல் வந்த .375 ஹாலண்ட் மேக்னம், பட்டையை ஆப்பிரிக்கக் காடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அமெரிக்காவில் அது முதலில் பேர் வாங்கியது வேட்டையில் அல்ல, பந்தயத்தில். ஹாலண்டின் .300 தோட்டா 1925-இல் அங்கே போனது. பத்து வருடம் கழித்து, ஒஹாயோவின் கேம்ப் பெர்ரி மைதானத்தில் 1,000 கஜத் தூரப் போட்டியான விம்பிள்டன் கோப்பையை பென் கம்ஃபர்ட் அதைக் கொண்டே வென்றார். உடனே எல்லோருக்கும் அந்தக் கூட்டின்மேல் கண். பின்னாலேயே வின்செஸ்டரின் மாடல் 70 ரைஃபிளும் ஹாலண்ட் தோட்டாக்களுக்குக் கதவைத் திறந்தது.

இனிதான் ‘காட்டுப்பூனை’கள் நுழைகின்றன. எந்தக் கம்பெனியும் தயாரிக்காத, துப்பாக்கிப் பித்தர்கள் தங்கள் பட்டறையில் தாங்களே உருமாற்றிக்கொள்ளும் தோட்டாவுக்கு ‘வைல்ட்கேட்’ என்று பெயர். கான்சஸில் பிறந்து கலிஃபோர்னியாவில் இன்ஷூரன்ஸ் விற்ற ராய் வெதர்பி, 1940-களில் ஹாலண்ட் கூட்டைக் கையில் எடுத்தார். சரிந்த தோளை முன்னுக்குத் தள்ளி, பக்கங்களை உப்பவைத்தால் இன்னும் நிறைய மருந்து கொள்ளும் என்பது கணக்கு. அதற்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. புது வடிவில் குடைந்த துப்பாக்கியில் பழைய .300 ஹாலண்ட் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் போதும். வெடிப்பின் அழுத்தமே பித்தளையைப் புது வடிவுக்கு ஊதிவிடும். ஆனால் தோளுக்கு முன்னால் வெற்றிடம் இருக்கையில் தோட்டா எதில் முட்டி நிற்கும்? பட்டையில்! கார்டைட்டுக்காகப் பிறந்த வளையத்துக்கு, கார்டைட்டே இல்லாத ஊரில் இரண்டாவது வேலை கிடைத்தது.

காட்டுப்பூனைத் தோட்டா கடையில் கிடைக்காது. சுட்ட கூட்டைப் பொறுக்கி, கையாலேயே மறுபடி நிரப்ப வேண்டும். இதற்கு வழி செய்ததும் ஒரு வேடிக்கையான இடமாற்றம்தான். 1860-களில் அமெரிக்கரான ஹைரம் பெர்டன், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் ஒன்றையும், ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் வேறொன்றையும் உருவாக்கினார்கள். ஐரோப்பா பெர்டனுடையதை எடுத்துக்கொள்ள, அமெரிக்கா பாக்ஸருடையதைப் பிடித்துக்கொண்டது. பாக்ஸர் வகைக் கூட்டின் நடுவில் ஒரே துளை. மேலிருந்து கம்பியால் ஒரு தட்டு, பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டனுக்குப் பெரும்பாலும் பக்கவாட்டில் இரண்டு துளைகள், கம்பிக்கு வழியில்லை. கைநிரப்பும் கலை அமெரிக்காவில் குடிசைத் தொழில் அளவுக்குப் பெருகியதில் அந்த ஆங்கிலேயருக்குக் கணிசமான பங்கு உண்டு.

மீதியைப் போர் பார்த்துக்கொண்டது. மேக்னம் கூடு பெரிது. அதற்கு மெதுவாக எரியும் மருந்து வேண்டும். 20 மி.மீ. பீரங்கித் தோட்டாக்களுக்கான அப்படியொரு மருந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவக் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது. கான்சஸின் புரூஸ் ஹாட்ஜன் ராணுவத்தின் உபரி மருந்தை மொத்தமாக வாங்கி, பழைய ரயில் பெட்டியில் அடுக்கி, தபால் ஆர்டரில் விற்றார். பீரங்கி மருந்தை ‘4831’ என்ற எண்ணாலேயே மேக்னம்காரர்கள் இன்றும் அறிவார்கள். கலிஃபோர்னியாவின் ஓரவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன், சுட்டு எறிந்த .22 கூடுகளையே உறையாக்கி, ‘ராக் சக்’ எனப்படும் மர்மோட் வேட்டைக்கான சின்னக் குண்டுகளை அழுத்தும் அச்சை 1943-இல் செய்தார். ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’ என்ற அந்த அச்சின் பெயர் சுருங்கி ஆர்.சி.பி.எஸ். ஆனது, இன்று கைநிரப்புவோர் பலரின் மேசையிலும் இருக்கும் பிராண்ட் அது.

பித்தர்கள் ஓடுவதைப் பார்த்துக் கம்பெனிகளும் ஓடின. 1962-இல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 1963-இல் .300 வின்செஸ்டர் மேக்னம். இரண்டுக்கும் முட்டி நிற்கத் தக்க நல்ல தோள் உண்டு. பட்டைக்கு வேலையே இல்லை. ஆனாலும் வைத்தார்கள். பட்டையில்லாத தோட்டாவை மேக்னம் என்று சொன்னால் யார் வாங்குவார்கள் என்ற வியாபார யோசனைதான் அதில் பெரும்பங்கு என்பது என் எண்ணம்.

அந்த அலங்காரத்துக்கு விலை கொடுத்தவர் கைநிரப்புபவர். பட்டையை நம்பித் துப்பாக்கியைக் குடைந்தவர்கள் தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டார்கள். சுடும்போது கூடு நீளும்; நிரப்புபவர் அச்சில் அழுத்தி அதைப் பழைய நீளத்துக்குத் தள்ளுவார்; மறுபடி சுட்டால் மறுபடி நீளும். சில சுற்றுகளிலேயே பட்டைக்குச் சற்று மேலே வெளியில் ஒரு பளபளப்பான கோடு தெரியும். அனுபவசாலி ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கி, கூட்டுக்குள் விட்டுச் சுவரோடு இழுத்துப் பார்ப்பார். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு குப்பைக்கு. மீறிச் சுட்டால் தலை வேறு உடல் வேறாகப் பிரிந்துவிடும். பட்டை இருப்பதையே மறந்துவிட்டு, தோள்தான் முட்டும் இடம் என்று எண்ணி அச்சைத் திருகிவைப்பதே இதற்கு வைத்தியம்.

1999-இல் ரெமிங்டன் தன் அல்ட்ரா மேக்னத்துக்குப் பட்டையை விட்டுவிட்டு, லண்டனின் இன்னொரு பழைய கூட்டைத் தேடிப் போனது: .404 ஜெஃப்ரி. ஹாலண்டின் தோட்டாவோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தும் பட்டையே கட்டாதது. வெதர்பி கம்பெனியும் இப்போது பட்டையில்லாத மேக்னம் விற்கிறது. ஆனால் .300 வின்செஸ்டர் போகிற வழியாகத் தெரியவில்லை. அமெரிக்க ராணுவம் 2010 வாக்கில் தன் எம்24 ஸ்னைப்பர் ரைஃபிள்களை அந்தத் தோட்டாவுக்கு மாற்றியமைக்கத் தொடங்கியபோது, வேலையில்லாத பட்டையும் கூடவே பட்டாளத்தில் சேர்ந்துகொண்டது.