கல்லறைக் கற்களும் நம் கடமையும்

வீழ்ந்த வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதிக் கல் நடுவது பண்டைத் தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை அதற்குரிய படிகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களிலோ தமிழ்ப் பிராமி எழுத்தே காணப்படுகிறது. அரசரல்லாத எளிய மனிதரின் பெயரும் ஊரும் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது அக்கற்களால் அன்றோ!

ஆயினும் கல்லை நட்டுவிட்டால் மட்டும் போதாது. அதைக் காப்பவரும் வேண்டும். சொந்த ஊரில் இறந்தவனுக்கு மக்களும் பேரரும் உண்டு. பிழைக்கப் போன ஊரில் இறந்தவனுக்கு யார் உண்டு? தில்லியில் குடியேறி வாழும் நம்மவர் சிந்திக்க வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை தேட மந்திர் மார்க்கிலிருந்து நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. காஷ்மீரி கேட் வரை சென்றாலே போதும்.

அங்கே இருப்புப்பாதை செல்லும் லோதியன் பாலத்தின் அருகே லோதியன் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1808 முதல் 1867 வரை தில்லியில் மாண்ட ஐரோப்பியர் பலர் அங்கே உறங்குகின்றனர். சற்றுத் தொலைவில் 1857-இல் தொடங்கிய நிக்கல்ஸன் கல்லறைத் தோட்டம். தில்லியைத் தாக்கிய போரில் 1857 செப்டம்பர் 14-ஆம் நாள் குண்டடிபட்டு, 23-ஆம் நாள் இறந்த ஜான் நிக்கல்ஸன் என்னும் படைத்தலைவரின் பெயரால் அது வழங்குகிறது. ஆயினும் படைத்தலைவர்களைவிட அங்கே நம் மனத்தை உருக்குபவை குழந்தைகளின் கல்லறைகளே. தாய்நாட்டை ஒருமுறையும் காணாமல் மறைந்த பச்சிளங் குழந்தைகள் எத்தனை பேர்!

1947-இல் ஆங்கிலேயர் நாட்டை விட்டுச் சென்றபின் இத்தகைய தோட்டங்களைக் கவனிக்க உறவினர் இல்லை. ஆலும் அரசும் பிளவுகளில் வேர்விட்டன. பலகைக் கற்கள் களவு போயின. கான்பூரில் பிறந்த தியோன் வில்கின்ஸன் என்னும் ஆங்கிலேயர் இந்நிலை கண்டு வருந்தி, 1976-இல் தென்னாசியக் கல்லறைகளுக்கென ஒரு சங்கத்தை இலண்டனில் தோற்றுவித்தார். ஊர் ஊராகக் கல்லறை எழுத்துகளைப் படியெடுப்பதும், செப்பனிட முன்வரும் உள்ளூர் அன்பர்களுக்குப் பொருளுதவி செய்வதும் அதன் பணி. படியெடுத்த குறிப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்க்கப்பட்டன. அச்சங்கத்தின் இதழுக்கு அவர்கள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? ‘சௌகிதார்’ — காவற்காரன்!

படியெடுத்தலின் பயனைச் சென்னையின் வரலாறு நன்கு விளக்குகிறது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே இருந்த இடுகாட்டின் உயர்ந்த சமாதிகள் பகைவருக்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயர் அவற்றை இடித்து, எழுத்துக் கற்களைக் கோட்டையினுள் புனித மேரி ஆலயத்தைச் சுற்றிப் பதித்தனர். கற்கள் இடம் பெயர்ந்தன. எலும்புகளோ பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த நிலத்திலேயே தங்கிவிட்டன. இவ்வாறு சிதறிய கற்கள் உள்ளிட்ட சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி தொகுத்து 1905-இல் நூலாக்கினார். கல் தேய்ந்தாலும் எழுத்து அந்நூலில் நிற்கும்.

“நம்மை அடக்கி ஆண்டவரின் சமாதியை நாம் ஏன் துடைக்க வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நிக்கல்ஸன் கொடுமைக்குப் பெயர்போனவர். அவரோடு பொருது மாண்ட நம் சிப்பாய்கள் பெரும்பாலோருக்குப் பெயர் தாங்கிய கல் கிடையாது. ஆனால் தில்லி மேட்டில் நிற்கும் நினைவுத் தூணை நோக்குங்கள். 1857 போரில் தம் பக்கம் மாண்டவருக்காக ஆங்கிலேயர் 1863-இல் எழுப்பியது அது. சுதந்தரத்தின் வெள்ளி விழா ஆண்டான 1972-இல் நம் அரசு அத்தூணை இடிக்கவில்லை. ‘அஜீத்கட்’ என்று பெயர் மாற்றி, அங்கே ‘பகைவர்’ என எழுதப்பட்டவர்கள் விடுதலை வீரர்களே என்று அறிவிக்கும் பலகையைப் பதித்தது. கல்லைக் காப்பது வேறு, கல்லுக்குரியவனைப் போற்றுவது வேறு. பழைய கல்லை உடைத்தால் குற்றத்தின் சாட்சியும் உடன் மறையும்.

கல் இல்லாதவரின் கதி என்ன என்பதற்கு இருப்புப்பாதை ஊழியனாகிய எனக்கு நினைவில் எழுவது சயாம்–பர்மா இரயில் பாதை. இரண்டாம் உலகப் போரின்போது 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சுமார் 415 கிலோமீட்டர் நீளம் அமைத்த பாதை அது. அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு, காட்டுக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுக்கோ ஆளுக்கொரு கல் இல்லை, முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை. நடுகல் மரபு கண்ட இனத்துக்கு நேர்ந்த கதி இது!

ஆகவே நம் சங்கம் செய்யத்தக்கன இரண்டு உண்டு. முதலாவது, ஆண்டுக்கொரு விடுமுறை நாளில் இளைஞர்களை அழைத்துச் சென்று, தோட்டப் பொறுப்பாளரின் அனுமதியுடன் கல்லெழுத்துகளைப் படியெடுத்தல். காலை அல்லது மாலையின் சாய்ந்த வெயிலில் தேய்ந்த எழுத்தும் துலங்கும். உள்ளது உள்ளபடியே எழுத வேண்டும், ஊகித்து நிரப்பலாகாது. கல்லைத் தூய்மை செய்ய நல்ல நீரும் மென்மையான தூரிகையும் போதும். அமிலமும் கம்பித் தூரிகையும் எழுத்தையே அரித்துவிடும். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமெண்ட் பூசுதலும் தீங்கே.

இரண்டாவது, தில்லிக்கு வந்து இங்கேயே மறைந்த நம் முன்னோர் பெயர்களைக் குறித்து வைத்தல். நம்மில் கல்லறைக்குரியோரும் உளர். யமுனைக் கரையில் எரியூட்டப்பட்டுக் கல் இன்றி மறைந்தோர் மிகப் பலர். பெயர், சொந்த ஊர், வந்த ஆண்டு, செய்த வேலை, மறைந்த நாள் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு வீட்டாரும் எழுதித் தந்தால், சங்கத்தின் ஏடே அவர்களுக்கு நடுகல்லாகும். சொல்லத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குவோமாக.